கோயில் காப்பி

காப்பிக்கும் கர்த்தருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எங்கள் சேகரத்து ஐயர் சிரிப்பார். (எங்க பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளக்குடியிலிருந்தும் பறைக்குடியிலிருந்தும் படித்துப் போய்க் குருப்பட்டம் வாங்கினாலும் அவர் ஐயர்தான். இந்த வேடிக்கையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) ஆனால் சம்பந்தம் இருக்கிறது. அதுவும் திருநெல்வேலிச் சபைக்கும் காப்பிக்கும் உள்ள சம்பந்தம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. நம்ம சனங்களின் முதுகின் மேல் எழுதப்பட்ட சம்பந்தம் அது.

2019 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் எங்கள் சபையைப் பார்க்க வந்தார்கள். பண்டிகைக் காலம். சால்வை போட்டு, வாழைத்தார் கொடுத்து, பாட்டுப் பாடி முடித்த பிறகு அந்த அம்மா ஒரு காப்பிப் பொட்டலத்தை எடுத்து ஐயர் கையில் கொடுத்தார். மெக்சிகோ மலையில் விளைந்த காப்பி. அவர் இங்கிலீசில் சொல்ல, எங்கள் ஊர் சார்வாள் ஒருவர் தமிழில் சொன்னார்: ‘எங்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து காப்பி குடிப்போம். விளைவித்தவனுக்கு நியாயமான விலை போய்ச் சேர்ந்த காப்பியைத்தான் குடிப்போம். விலை கூடத்தான். ஆனாலும் வேறு வாங்குவதில்லை. எங்களுக்கு இது விசுவாசப் பிரமாணம் சொல்வது மாதிரி.’

சார்வாள் ‘நியாய விலைக் காப்பி’ என்று மொழிபெயர்த்துவிட்டார். பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பெண்கள், ‘ஏளா, ரேசன் கடையில காப்பித்தூளும் போடப் போறாவளாம்’ என்று பேசிக்கொண்டார்கள். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்தப் பொட்டலம் ஐயர் வீட்டு அலமாரியில் பல மாதம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. யாரும் போட்டுக் குடிக்கவில்லை.

அந்தப் பொட்டலத்தின் கதையை நான் தேடிப் படித்தேன். பிரான்ஸ் வான்டெர் ஹாஃப் என்று ஒரு டச்சுக்காரப் பாதிரியார். சிலி நாட்டில் ஏழைகளோடு வேலை செய்துகொண்டிருந்தவர். 1973ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மெக்சிகோவுக்குப் போனார். வஹாகா மலைப்பகுதியில் பூர்வகுடி மக்களோடு தங்கினார். அந்த மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் நிலம் வைத்துக் காப்பி பயிரிடுகிறவர்கள். தரகன் வைத்ததுதான் விலை. 1980களின் தொடக்கத்தில் அவர்கள் கூடி ‘உசிரி’ என்ற கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார்கள். எங்களுக்குத் தர்மம் வேண்டாம், சரியான விலை கொடுத்தால் போதும் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஹாலந்தில் திருச்சபைகள் கூடி நடத்திய ‘சாலிடாரிடாட்’ அமைப்பைச் சேர்ந்த நிக்கோ ரோசனும் இந்தப் பாதிரியாரும் சேர்ந்து 1988 நவம்பரில் ஒரு முத்திரையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ‘மாக்ஸ் ஹவலார்’ என்று பெயர் வைத்தார்கள். ஜாவாவில் டச்சுக்காரன் குடியானவனைப் பிழிந்து காப்பி எடுத்ததை அம்பலப்படுத்தி 1860ல் வந்த நாவலின் பெயர் அது. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் பிடித்தது. ஒரு நாவல் நூறு வருஷம் கழித்துக் காப்பிப் பொட்டலத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வருஷமே, 1989ல், காப்பிக்கான சர்வதேச ஒப்பந்தம் முறிந்து சந்தை விலை சரிந்தது. அப்போது இந்த முத்திரையின் அருமை தெரிந்தது. சந்தை எவ்வளவு விழுந்தாலும் ஒரு அளவுக்குக் கீழே விலை போகாது. அதற்கு மேலே சங்கத்தின் பொதுக் காரியங்களுக்கு ஒரு தொகை. 2023 ஆகஸ்டில் அந்தக் குறைந்தபட்ச விலையை அராபிக்கா காப்பிக்குப் பவுண்டுக்கு 1.40 டாலரிலிருந்து 1.80 டாலராக உயர்த்தினார்கள். பொதுத் தொகை 20 சென்ட். ஜெர்மனியில் ‘கெப்பா’ என்ற நிறுவனத்தை 1975லேயே திருச்சபை அமைப்புகள் தொடங்கியிருந்தன. அமெரிக்காவில் 1996ல் லுத்தரன் சபையின் நிவாரண அமைப்பு ஒரு காப்பிக் கூட்டுறவோடு சேர்ந்து சபை சபையாக இந்தக் காப்பியைக் கொண்டுபோனது. நற்கருணை மேசைக்குப் பக்கத்திலேயே காப்பி மேசையையும் வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த கையில் கூலி நெல்லை அளந்து கொடுக்காத கிறித்தவத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். விலையைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுகிற ஒரு பக்தி எனக்குப் புதிதாக இருந்தது.

நமக்குக் காப்பி எப்படி வந்தது? ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற தலைப்பில் காப்பியின் வரலாற்றை எழுதியிருக்கிறார். பிராமணாள் காப்பி கிளப்பு, பித்தளை டவரா, நுரை எல்லாம் அதில் வருகிறது. எங்கள் அப்பாவின் காப்பி வரலாறு வேறு. ஆற்றுப்பாசன வயலில் நடுகைக்குப் போய்விட்டு வந்து கடையின் பின்பக்கம் நின்று சிரட்டையில் வாங்கிக் குடித்த வரலாறு. பிறகு சிரட்டை போய்த் தனிக் கிளாஸ் வந்தது. கம்பியில் தொங்கும். குடித்துவிட்டு நாமே கழுவித் தொங்கவிட வேண்டும். அப்பா அதற்குப் பிறகு கடைக்காப்பி குடிப்பதையே விட்டுவிட்டார். வீட்டில் கருப்பட்டிக் காப்பி மட்டும்தான். ‘நம்ம சட்டி, நம்ம தம்ளரு’ என்பார். அதைக் கொடுத்த கடைக்காரரும் எங்கள் கோயில் சபையார்தான் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே கிண்ணத்தில் திராட்சரசம், திங்கட்கிழமை வேறு கிளாஸ்.

இன்னும் பின்னால் போனால் கண்டிக்குப் போக வேண்டும். 1830களிலிருந்து வெள்ளைக்காரன் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டம் போட்டான். அதற்கு ஆள் பிடித்தது எங்கிருந்து? திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து. கங்காணி முன்பணம் கொடுப்பான். கடல் தாண்டி மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடை. காலராவில் விழுந்தவனை வழியில் போட்டுவிட்டு மற்றவன் நடப்பான். போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். நம்ம சனம்.

1854ல் இலங்கையில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரே அதுதான். அதற்குக் காப்பித் தோட்டத் துரைமார்கள் சந்தா கொடுத்தார்கள். லயத்துக்கு லயம் போய்ப் பிரசங்கம் பண்ண உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து போனார்கள். எங்கள் ஊர்ச் சபைச் சரித்திரங்களில் ‘இலங்கை மலைநாட்டு ஊழியம்’ என்று பெருமையாக வரும். தோட்டத்து முதலாளி பணம் கொடுக்க, திருநெல்வேலிச் சபை ஆள் கொடுக்க, கூலிக்கு வேதம் கிடைத்தது. கூலி எவ்வளவு, அது மாதாமாதம் கைக்கு வந்ததா என்பது அந்தச் சரித்திரங்களில் வராது. அந்த உபதேசியார்களை நான் பழிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள், எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். ஆனால் யார் பணத்தில் பிரசங்கம் நடக்கிறதோ அவனைப் பற்றிப் பிரசங்கத்தில் பேச முடியாது. இது எங்கள் சேகரத்துக்கும் பொருந்தும்.

தமிழ் இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1869ல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பி கிருஷிக் கும்மி’ பாடினார். பெயரைப் பார்த்தாலே கிறித்தவர் என்று தெரியும். காப்பி விவசாயத்தையும் துரையையும் உயர்த்திப் பாடிய நூல். கும்மி நம்ம பெண்கள் தட்டுவது. தாளத்தையும் எடுத்துக்கொண்டு நம்மையே குட்டினார்கள். எம்.ஏ. வகுப்பில் சிற்றிலக்கியத் தாளில் இது எங்களுக்குப் பாடமாக இல்லை. அதே 1869ல்தான் இலங்கைக் காப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. இருபது வருஷத்துக்குள் காப்பி அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை ஏறியது. கூலி அதே கூலிதான்.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். பாபநாசத்திலிருந்து ஆற்றோரமாக வந்தால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி. மேற்கே மணிமுத்தாறு அணை. அதற்கு மேலே கொண்டைஊசி வளைவுகளில் ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்குக் கொடுத்தார். 1863ல் தொடங்கிய கம்பெனி அது. 1885ல் இந்தக் கம்பெனியின் தேக்குமரத் தகராறைக் காரணம் காட்டித்தான் வெள்ளைக்காரன் மேல் பர்மாவைப் பிடித்தான். இப்போது வாடியா குழுமத்தின் கையில் இருக்கிறது. தேயிலை, காப்பி, ஏலம், மிளகு எல்லாம் அந்த மலையில் போட்டார்கள். காடழித்ததும் கொழுந்து கிள்ளியதும் பெரும்பாலும் தலித்துகள். அவர்களில் கிறித்தவர்களும் உண்டு. மலையிலும் கோயில் உண்டு, மணி உண்டு, அசனம் உண்டு.

1999ல் கூலி உயர்வு கேட்டார்கள். போராடியவர்களில் 600க்கும் மேற்பட்டவர்களைச் சிறையில் போட்டார்கள். பெண்களும் அதில் உண்டு. அவர்களை விடச் சொல்லி ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் போலீஸ் அடித்தது. ஆற்றுக்குள் இறங்கியவர்களையும் அடித்தது. 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தை ஒன்றும் அதில் அடக்கம். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ என்ற படத்தில் அந்த ஆற்றைப் பார்க்கலாம். நீதிபதி மோகன் கமிஷன் போலீசைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. நான் அப்போது நாலாம் வகுப்பு. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் தேசத்துக்காகவும் தலைவர்களுக்காகவும் நல்ல மழைக்காகவும் ஜெபித்தது நினைவிருக்கிறது. ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஊத்துத் தோட்டத்துத் தேயிலை, ரசாயன உரம் போடாத இயற்கைத் தேயிலை என்று சான்றிதழ் வாங்கி வெளிநாட்டுக்குப் போனது. மண்ணுக்கு விஷம் வைக்கவில்லை என்பதற்குச் சான்றிதழ் இருக்கிறது. நல்லதுதான். அந்த மண்ணில் நாலு தலைமுறை கிடந்தவனுக்கு ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லை என்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை. 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பாக இருந்தது. கேட்க நன்றாக இருக்கும். வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. ஓய்வு பெற்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது வேலையில் இருந்தால் அந்த வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

இங்கேதான் எனக்கும் அந்த ஜெர்மன் அம்மாவின் காப்பிக்கும் இடிக்கிறது. நியாய வணிகம் என்பது விற்க ஒரு பொருள் வைத்திருப்பவனுக்கு நியாயம். வஹாகாவில் இருப்பவனுக்கு ஒரு துண்டு நிலமும் நாலு காப்பிச் செடியும் சொந்தம். ஆந்திராவில் அரக்குப் பள்ளத்தாக்குப் பழங்குடிகள் கூட்டுறவு வைத்து இந்த முத்திரையை வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் மலையில் கொஞ்சம் நிலம் உண்டு. கூடலூரில் ஆதிவாசிகள் சங்கம் கட்டி, பிடுங்கப்பட்ட நிலத்தில் திரும்பப் போய் உட்கார்ந்து, அதில் தேயிலை நட்ட பிறகுதான் அதை விற்பது பற்றிப் பேசினார்கள். நமக்கு விற்க இருப்பது உடம்பு மட்டும். காப்பிக்கு இந்த முத்திரையைச் சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். தேயிலைக்குப் பெருந்தோட்டங்களுக்கும் கொடுப்பார்கள். நீலகிரியில் அப்படி வாங்கிய தோட்டம் உண்டு. அங்கே கூடுதல் தொகையைத் தொழிலாளர் கமிட்டி செலவு பண்ணலாம், பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ. கூலிக்காரன் கூலிக்காரனாகவே இருப்பான், கொஞ்சம் வசதியாக. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதை விசுவாசப் பிரமாணம் என்று சொல்வதற்கு என் வாய் கூசுகிறது.

2024ல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று காகிதம் நீட்டியது. ஜூன் நடுவில் வேலை முடிந்தது. குத்தகை முடிய இன்னும் நாலு வருஷம் இருந்தது. தோட்டத்தை அரசின் டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று சனங்கள் கேட்டார்கள். டான்டீ எதற்காக வந்தது? இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க. கண்டிக்குப் போய்த் திரும்பிய தமிழனுக்காக உண்டான நிறுவனம் மாஞ்சோலைத் தமிழனுக்கு ஆகவில்லை. புலிகள் காப்பகம், காடு காடாகவே ஆக வேண்டும் என்ற வாதத்தோடு டிசம்பரில் உயர்நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. கீழே ரெட்டியார்பட்டியில் அடுக்குமாடி வீடு தருகிறோம் என்றது அரசு. மலைக்காரனுக்கு மாடிவீடு. கிறித்தவனாக இருப்பவனுக்கு இன்னொரு சிக்கல். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி அவன் எஸ்.சி. இல்லை, பி.சி. எஸ்.சி.க்கு என்று ஒதுக்கும் மனையோ கடனோ அவனுக்கு எட்டாது.

என் அத்தை வாழ்க்கைப்பட்டது மலையில். அத்தை மகன் குடும்பம் ஆடி கழிந்து கீழே இறங்கி எங்கள் தெருவில் வாடகைக்கு வந்தது. இப்படி எங்கள் சபைக்கு உறவான பதினொரு குடும்பங்கள். எங்கள் கோயிலுக்குக் கால்வாய் ஓரத்தில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ காணிக்கையாகக் கொடுத்தது. இப்போது உடைமரமும் வேலிமுள்ளும்தான். எங்கள் தெருவின் சார்பில் கமிட்டிக்குப் போகிறவன் நான். குடும்பத்துக்கு மூணு சென்ட் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஐயர் நல்ல மனுஷன், வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பொருளாளர்தான் பேசினார். ‘கோயில் நெலத்தைக் குடுத்தா நாளைக்கு எல்லாவனும் கேப்பான். வேணும்னா அசனத்துல ஒரு காணிக்கை எடுத்து அரிசி வாங்கிக் குடுப்போம்.’ இன்னொருவர் மெல்ல, ‘அந்தப் பக்கம் குடியேத்துனா நம்ம தெருவுக்குப் போற பாதையில்லா’ என்றார். விஷயம் அதுதான். அது மட்டும்தான்.

நான் ரேனியஸ் ஐயரை எடுத்து வைத்தேன். வேறு ஆயுதம் என்னிடம் இல்லை. 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன்காரர். வேதத்தில் சேர்ந்ததற்காக ஊரைவிட்டு அடித்து விரட்டப்பட்ட சனங்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்கென்றே 1830ல் ‘தர்ம சங்கம்’ தொடங்கினார். திருநெல்வேலியில் இத்தனை கிறித்தவக் கிராமங்கள் எப்படி வந்தன? முதலூர் 1799லேயே அப்படி வாங்கிய மண்ணில் வந்தது. டோனாவூர் என்ற பெயரே பணம் கொடுத்த பிரஷ்யநாட்டுப் பிரபு டோனாவின் பெயர். அன்றைக்கு விரட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நாடார்கள். அவர்கள் நிமிர்ந்ததற்கு அந்த மண் ஒரு காரணம். ‘உங்க பாட்டன் பூட்டனுக்குக் கெடச்சதைத்தான் கேக்கேன், புதுசா ஒண்ணும் கேக்கல’ என்று நான் சொன்னபோது கமிட்டியில் சத்தம் எழுந்தது. ‘அது வெள்ளக்காரன் காலம்’ என்றார் பொருளாளர். பரிசீலனைக்கு என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

அந்த அசனம் நல்லபடியாக நடந்தது. ஏலத்தில் ஒரு பூசணிக்காய் மூவாயிரம் ரூபாய்க்குப் போனது. பெரிய கொப்பரையில் சோறு, ஒரே பந்தி. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்ற தியாப்பிலஸ் அப்பாவு ‘ஓர் உலை’ என்று ஒரு இறையியலே பண்ணினார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் கடவுள் ராஜ்யம் என்று. எங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் அது நடக்கிறது. உலை வைக்கக் கல் மூணு வேண்டும், கல்லைப் போட மண் வேண்டும் என்பதை அவரிடம் பேசியிருக்கலாம். 2005ல் போய்விட்டார்.

ஜெர்மன் அம்மாவுக்கும் எழுதினேன். உங்கள் காப்பி மேசைப் பணத்தில் இங்கே நிலம் வாங்க முடியுமா என்று கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் விதிப்படி பொருள் வாங்கலாம், நிலம் வாங்க முடியாது. உங்கள் மக்களிடம் விற்பதற்குத் தேயிலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். ‘இருந்துச்சு, மலை நெறைய இருந்துச்சு. நம்முதுன்னு ஒரு எலை இல்ல’ என்றாள்.

மேலிடத்துக்கு மூன்று நினைவூட்டுக் கடிதம் போயிருக்கிறது. பதில் இல்லை. போன மாதம் ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முள்ளை வெட்டக்கூடாது, வேலியைத் தொடக்கூடாது, அளந்து மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதினொரு வீட்டு ஆட்களும் கயிற்றோடு போனோம். கால்வாய்க் கரையும் நடுவில் பத்தடிப் பாதையும் போக, மூணு சென்ட் வீதம் முப்பது மனை வரும். அத்தை கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உடைமர நிழலில் நின்றாள். அவளுக்கு அட்டைக்கடித் தழும்பு உள்ள கால். முள்ளில் வைக்காதே என்று நான் கத்த, ‘நீ அந்தப் பக்கம் இழுத்துப் புடி, தொய்யுது’ என்றாள்.